மல்லாட்டை இலையின் அடிப்புறம்

புரட்டாசி மாதத்தில் எங்கள் கொல்லைப் பக்கம் வருகிற எவரும் முதலில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைச் செடியின் கீழ் இலைகளைத்தான் பார்ப்பார்கள். அவை கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி, உதிரத் தொடங்கியிருந்தால், "இல பழுத்துப்போச்சு, இன்னும் எட்டு நாள்ல புடுங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் தாத்தா அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், அப்பாவும் அதையேதான் சொல்லிவந்தார். பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தும் நானும், சொந்தக் கொல்லையில் நின்றபோது, அந்தப் புள்ளிகளை விளைச்சலின் அறிகுறியாகவே பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தேன். நெல் பழுத்தால் தாள் மஞ்சளாகிறது, உளுந்து முற்றினால் இலை கொட்டுகிறது, ஆகவே மல்லாட்டையும் அப்படித்தான் என்று நாங்கள் எண்ணினோம். ஆனால் மல்லாட்டை அப்படிப்பட்ட பயிர் அல்ல. அது முற்றும் நாளிலும் மேற்பாதி இலைகளைப் பச்சையாக வைத்திருக்கக்கூடிய செடி. எங்கள் கொல்லையில் இலையை உதிர்த்தது வயது அல்ல, ஒரு பூஞ்சணம் என்பது எனக்குப் புரிந்தபோது அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது.

புரிந்த விதம் கசப்பானது. அந்த ஆண்டு ஆனிக் கடைசியில் விதைத்திருந்தோம். ஆவணியும் புரட்டாசியும் ஒருநாள் விட்டு ஒருநாள் மழையாகவே கழிந்தன. எண்பத்தைந்தாம் நாளில் செடிகள் ஏறக்குறைய மொட்டையாகி, நுனியில் மட்டும் நாலைந்து இலைகளோடு நின்றன. வழக்கம்போல ஆள் வைத்துப் பிடுங்கினோம். செடி வந்தது, காய் வரவில்லை. இலை இழந்த செடியில் காயைத் தாங்கும் விழுது வலுவிழந்துவிடுகிறது, பிடுங்கும் இழுவையில் அறுந்து காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அன்று மாலை நானும் அம்மாவும் களைக்கொத்தோடு ஒரு பாத்தியை மட்டும் கிளறிப் பார்த்தோம். செடியில் வந்ததற்கு ஈடான காய் மண்ணில் கிடந்தது. வந்த காயை உடைத்தால் பருப்பு சுருங்கி, ஓட்டுக்குள் கலகலவென ஆடியது. மாட்டுக்குப் போட வைத்திருந்த கொடியும் வெறும் குச்சியாக இருந்தது. மல்லாட்டைக் கொடியை நம்பித்தான் தை, மாசி வரை எங்கள் வீட்டு மாடுகள் இருக்கும். ஆகவே அந்த ஆண்டு எங்களுக்கு இழப்பு இரண்டு இடத்தில் விழுந்தது.

விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கங்களில் இந்தப் பயிருக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். மணிலாக்கொட்டை என்பது திரிந்து மல்லாட்டை ஆயிற்று. பழைய தென்னார்க்காட்டின் செம்மண்ணில் விளைந்த இந்தக் கொட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. 1940-இல் குடியாத்தம் கொத்து என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டு டி.எம்.வி. 2 வெளிவந்தது. டி.எம்.வி. என்பது திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும் எழுத்துகள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பல பத்தாண்டுகள் கோலோச்சிய அந்த ரகம் இலைப்புள்ளி நோய்க்கும், துரு என்ற இன்னொரு பூஞ்சண நோய்க்கும் எளிதில் இரையாகக்கூடியது. புள்ளி விழாத மல்லாட்டையை எங்கள் தாத்தாக்கள் அனேகமாகப் பார்த்ததே இல்லை. அவர்கள் கண்டு பழகிய பயிரே நோயுற்ற பயிராக இருந்ததால்தான் நோய்க்கும் முற்றலுக்கும் வேறுபாடு தெரியாமல் போயிற்று என்று நான் நினைக்கிறேன். அதை அவர்களுடைய அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு, விதைத்த நாற்பதாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பத்து இலைகளைப் பறித்துப் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். மல்லாட்டை இலை நான்கு சிற்றிலைகளால் ஆனது. இரவில் அவை இரண்டிரண்டாகக் கூம்பி, காலையில் விரியும். ஒரு சிற்றிலையின் புள்ளி மேல் ஒட்டும் நாடாவை வைத்து அழுத்தி எடுத்து, கண்ணாடி வில்லையில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால் போதும், வேறு சாயம் கூடத் தேவையில்லை. நாற்பதாம் நாள் இலைகளில் புள்ளி பழுப்பாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இருந்தது. பூஞ்சணம் பரவுவதற்காக உதிர்க்கும் நுண்ணிய வித்துகள் இலையின் மேற்புறத்தில் கிடைத்தன. நிறமற்று, நீண்டு, நுனி மெலிந்து, ஊசிபோல இருந்தன. அறுபதாம் நாளுக்குப் பிறகு வந்த புள்ளி வேறு. அது கரியைப் போலக் கறுத்து, ஏறக்குறைய வட்டமாக இருந்தது. மேற்புறத்தில் நாடாவை ஒட்டினால் எதுவும் வரவில்லை. இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் அந்தப் புள்ளி இன்னும் கறுப்பாக, தொட்டால் சொரசொரப்பாக இருந்தது. கைக்கண்ணாடியில் பார்த்தபோது வட்டத்துக்குள் வட்டமாகச் சிறு கறுப்புக் குச்சங்கள் தெரிந்தன. அந்தக் குச்சங்களிலிருந்து வந்த வித்துகள் தடித்து, குட்டையாக, இளம்பழுப்பு நிறத்தில், மூன்று நான்கு தடுப்புகளோடு கம்பளிப்புழுவைப் போல இருந்தன.

முதலாவது முன்பருவ இலைப்புள்ளி, செர்க்கோஸ்போரா அராக்கிடிகோலா என்ற பூஞ்சணத்தால் வருவது. இரண்டாவது பின்பருவ இலைப்புள்ளி, பெர்சொனாட்டா என்ற பூஞ்சணத்தால் வருவது. வேளாண்மைத் துறையினர் இரண்டையும் சேர்த்து டிக்கா நோய் என்பார்கள். வட இந்திய மொழிகளில் டிக்கா என்றால் நெற்றிப் பொட்டு. மஞ்சள் வளையம் இருந்தால் முன்பருவப் புள்ளி, இல்லாவிட்டால் பின்பருவப் புள்ளி என்று பல கையேடுகள் சொல்கின்றன. ஆனால் வளையத்தை நம்பக்கூடாது. ரகத்தையும் வானிலையையும் பொறுத்து இரண்டிலும் அது வரும், இரண்டிலும் வராமலும் போகும். இலையின் அடிப்புறக் கருமையும் சொரசொரப்பும்தான் ஏமாற்றாத அடையாளங்கள். எங்கள் மானாவாரிப் பட்டத்தில் பெருஞ்சேதம் செய்வது இந்தப் பின்பருவப் புள்ளிதான். அது தாக்கும் நேரம் காய் பருக்கும் நேரமாக இருப்பதே அதற்குக் காரணம்.

நுண்ணோக்கி எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுக்கு நாட்காட்டியும் கற்றுக்கொடுத்தது. வித்து இலையில் விழுந்து, முளைத்து, உள்ளே புகுந்த பின், கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக மாறுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகிறது. நாம் இன்று காணும் புள்ளி இரண்டு வாரத்துக்கு முந்தைய ஈரத்தின் விளைவு, இன்று நிகழ்ந்துகொண்டிருக்கும் தொற்று இன்னும் இரண்டு வாரத்துக்குத் தெரியாது. ஆகவே புள்ளியைக் கண்ட பிறகு மருந்துக்கடைக்குப் போகிற உழவர், தம் கொல்லை நிலவரத்துக்குப் பதினைந்து நாள் பின்னால் நிற்கிறார். பரவலாகப் புள்ளி தெரிந்த நாளில் தெளிப்பது, விழுந்துவிட்ட இலைகளை மீட்காது, இனி வரும் இலைகளைக் காப்பதற்கு மட்டுமே உதவும்.

ஈரத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடைமழைதான் இந்த நோயைப் பரப்புகிறது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பின்பருவப் புள்ளியை ஆராய்ந்தபோது, இலை இடைவிடாமல் நனைந்திருப்பதைவிட, இரவில் நனைந்து பகலில் காய்ந்து மறுபடி இரவில் நனைவதே தொற்றை அதிகமாக்குகிறது என்று கண்டார்கள். இதைப் படித்ததும் எனக்குப் புரட்டாசி இரவுகள் நினைவுக்கு வந்தன. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மாலையில் ஒரு தூறல் விழும், விடியும்வரை பனி இறங்கும். காலை எட்டு மணிக்குக் கொல்லையில் நடந்தால் புடவைக் கரை முழங்கால் வரை நனைந்துவிடும், பத்தரை மணிக்கு இலை காய்ந்திருக்கும். பூஞ்சணத்துக்கு அதைவிட ஏற்ற காலம் கிடையாது. மழைமானியில் ஒன்றும் பதிவாகாத வாரத்திலும் நோய் பெருகுவதன் காரணம் இந்தப் பனிதான். அதிலிருந்து நான் மழையைக் கணக்கு வைப்பதை விட்டுவிட்டு, காலையில் இலை எத்தனை மணிக்குக் காய்கிறது என்பதைப் பள்ளி நாட்குறிப்பின் ஓரத்தில் எழுதிவருகிறேன்.

துரு நோய் தனிக் கதை. பக்சினியா அராக்கிடிஸ் என்ற அந்தப் பூஞ்சணம் 1960-களின் இறுதி வரை பெரும்பாலும் தென், நடு அமெரிக்கப் பகுதிகளில் மட்டும் இருந்தது. இந்தியாவில் அது பதிவானது 1970-களின் தொடக்கத்தில். ஆகவே எங்கள் தாத்தா காலத்துப் பழமொழிகளிலும் பட்டறிவிலும் அதற்கு இடமில்லை. இலையின் அடிப்புறத்தில் குண்டூசித் தலையளவு செம்மஞ்சள் கொப்புளங்கள் தோன்றி வெடிக்கும். விரலால் தடவினால் செங்கல் பொடி போல ஒட்டும். நுண்ணோக்கியில் அந்தப் பொடி முட்டை வடிவ முள்ளுருண்டைகளாகத் தெரியும். இலைப்புள்ளி வந்த இலை உதிர்ந்துவிடும், துரு வந்த இலையோ கருகிக் காய்ந்தும் செடியிலேயே தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லை தீய்ந்ததுபோல இருக்கும். இரண்டும் சேர்ந்து தாக்கினால் விளைச்சலில் பாதிக்கு மேல் போய்விடும்.

எங்கள் இரண்டாம் ஆண்டுத் தோல்வி இந்தத் துருவால் வந்தது. நான் பெருமையோடு முன்கூட்டியே மருந்து வாங்கப் போனேன். கடைக்காரர் "இலப்புள்ளிதானே" என்று கேட்டுவிட்டு கார்பன்டசிம் கொடுத்தார், நானும் எதையும் கேட்காமல் வாங்கி வந்தேன். புள்ளி உண்மையிலேயே குறைந்தது. ஆனால் கார்பன்டசிம் துருவைத் தொடுவதே இல்லை. புள்ளி குறைந்த செழிப்பான இலைகளில் துரு ஏறி, எழுபத்தைந்தாம் நாளில் கொல்லை செம்பழுப்பாகிவிட்டது. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காய்ந்து தொங்கிய இலை ஒன்றைப் பறித்துத் தம் வெள்ளை வேட்டியில் தேய்த்து, அந்தச் செம்பொடிக் கறையை எனக்குக் காட்டினார், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் மருந்துகளின் இயல்பை ஒழுங்காகப் படித்தேன். மேங்கோசெப்பும் குளோரோதலோனிலும் இலையின் மேல் படலமாக நின்று, வித்து முளைப்பதைத் தடுப்பவை. புள்ளி, துரு இரண்டுக்கும் பயன்படும், ஆனால் தொற்று உள்ளே போன பின் அவற்றால் பயனில்லை. கார்பன்டசிம், டெபுகோனசோல் போன்றவை இலைக்குள் ஊடுருவுபவை. அவற்றில் டெபுகோனசோல் இரண்டு நோய்க்கும் ஆகும். ஊடுருவும் மருந்தை மட்டுமே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சணம் பழகிவிடும் என்பது வெறும் எச்சரிக்கை அல்ல. அமெரிக்காவின் தென்பகுதிக் கடலைக் காடுகளில் 1970-களின் முதற்பாதியிலேயே, கார்பன்டசிமின் இனத்தைச் சேர்ந்த பெனோமில், புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் இலைப்புள்ளியிடம் தோற்றது. எனவே நான் இப்போது முதல் தெளிப்பாக முப்பத்தைந்திலிருந்து நாற்பது நாளுக்குள் குளோரோதலோனில் அல்லது மேங்கோசெப் தருகிறேன், லிட்டருக்கு இரண்டு கிராம், ஏக்கருக்கு நானூறு கிராம். பதினைந்து நாள் கழித்து, காலை ஈரத்தின் போக்கைப் பார்த்து, தேவை இருந்தால் மட்டும் ஊடுருவும் மருந்து ஒருமுறை. அதற்கு மேல் தேவைப்பட்டால் மீண்டும் முதல் வகைதான். மாட்டுக்குக் கொடி போடுகிற வீட்டில், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு தெளிப்பை நிறுத்தவேண்டும் என்று டப்பாவில் எழுதியிருப்பதைக் கட்டாயம் படித்தாகவேண்டும். பால் குடிப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

மருந்தைவிடத் தண்ணீரில்தான் எங்கள் ஊரில் பெரும்பிழை நடக்கிறது. நானூறு கிராம் மருந்தை ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீரில் கலக்கவேண்டும். பத்து லிட்டர்க் கைத்தெளிப்பானில் அது இருபது டேங்க். தெளிக்க வரும் ஆள் கூலியை டேங்க் கணக்கில் வாங்குவதால், வீட்டுக்காரர் எட்டு டேங்கோடு முடிக்கப் பார்ப்பார், ஆளும் நடையை எட்டிப்போட்டு முடித்துவிடுவார். மேல் இலைகளின் மேற்புறம் மட்டும் நனையும். பின்பருவப் புள்ளியும் துருவும் வித்தை உதிர்ப்பதோ அடிப்புறத்திலிருந்து. நோய் தொடங்குவது தரையை ஒட்டிய கீழ் இலைகளில். ஒரு நாள் தெளித்து முடித்த உடனே நான் வரிசை வரிசையாகக் குனிந்து கீழ் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பத்தில் ஏழு இலைகளில் ஒரு துளிகூட இல்லை. இப்போது நான் டேங்க் கணக்கில் கூலி பேசுவதில்லை, நாள் கூலிதான். தெளிப்பு முனையைச் செடியின் பக்கவாட்டில் தாழ்த்தி, மேல்நோக்கிப் பிடிக்கச் சொல்லி நானும் கூடவே நடக்கிறேன்.

வேப்பங்கொட்டைச் சாறு பற்றிப் பலர் கேட்கிறார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கும் ஐந்து சத முறையை இரண்டு பட்டம் முயன்றேன். மார்கழிப் பட்டத்து இறவைப் பயிரில் அது போதுமானதாக இருந்தது. புரட்டாசி ஈரத்தில் போதவில்லை. இது என் கொல்லையின் அனுபவம், வேறு மண்ணில் வேறாக இருக்கலாம்.

இலைக்கு மேலே நடப்பது இவ்வளவு என்றால், மண்ணுக்குள் நடப்பது வேறு. விதைத்த இரண்டு மூன்று வாரத்தில் நன்றாக முளைத்த செடி திடீரெனத் தலை தொங்கிச் சாகும். பிடுங்கினால் மண்மட்டத்துக் கழுத்து அழுகி, அதன் மேல் அடுப்புக்கரி தூவியதுபோலக் கறுப்புப் பொடி இருக்கும். அது அஸ்பெர்ஜில்லஸ் நைகர், அதாவது வெங்காயத் தோலில் நாம் காணும் அதே கரும்பூஞ்சணம். மண் சூடாக இருக்கும் சித்திரைப் பட்டத்தில் அது அதிகம். இதற்கு விதைநேர்த்தியைத் தவிர வேறு மருந்து கிடையாது. ஒரு கிலோ பருப்புக்கு நாலு கிராம் டிரைக்கோடெர்மா அல்லது பத்து கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூளைக் கலந்து விதைக்கவேண்டும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணமே என்பதால், அதே விதையில் கார்பன்டசிமையும் கலந்தால் காவலாளியையே கொன்றுவிடுவோம். பருப்பின் தோல் உரிந்துவிட்டால் எந்த நேர்த்தியும் காப்பாற்றாது. அதனால் அம்மா சொளகில் போட்டு, குலுக்காமல் கையால் மெதுவாகப் புரட்டித்தான் கலப்பார். நான் வாங்கிவந்த விதைநேர்த்தி டிரம்மை இன்றுவரை அவர் தொடவில்லை. தோல் உரிவதைக் கணக்குப் பார்த்தபோது அவர் செய்வதே சரியாக இருந்தது.

தண்டழுகல்தான் எனக்கு இன்னும் தீராத கவலை. ஸ்கிளிரோஷியம் ரால்ப்சி என்பது அதன் பெயர். 1890-களில் புளோரிடாவில் தக்காளிச் செடியில் அதைக் கண்ட ரால்ப்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் பெயரால் வழங்குகிறது. காய் பிடித்த செடியின் ஒரு கிளை மட்டும் முதலில் வாடும். அடித்தண்டை விலக்கிப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சு விசிறிபோலப் படர்ந்திருக்கும், அதில் கடுகு கடுகாக உருண்டைகள் முதலில் வெண்மையாகவும் பிறகு பழுப்பாகவும் திரளும். அந்தக் கடுகுகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். உதிர்ந்த இலைதான் அதன் முதல் உணவு. அழுகும் இலையில் தின்று வலுப்பெற்று, பிறகு உயிருள்ள தண்டுக்கு ஏறுகிறது. ஆகவே இலைப்புள்ளியைக் கவனிக்காமல் விட்டவன், தரையில் இலை மெத்தை விரித்துத் தண்டழுகலையும் அழைத்துக்கொள்கிறான். மேலேயும் கீழேயும் நடப்பவை இரண்டு நோய்கள் என்று நான் பிரித்து வைத்திருந்தது தவறு என்று இங்கேதான் உணர்ந்தேன்.

இதில் ஒரு முரண் உண்டு. நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு நூற்று அறுபது கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது நம் பக்கத்துக் கட்டாய வேலை. விழுது எளிதாக இறங்கவும், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்கவும் அது தேவை. ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1950-களிலேயே, களையெடுக்கும்போது செடியின் அடியில் மண்ணைத் தள்ளவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தள்ளிய மண் கீழ் இலைகளையும் தண்டையும் மூடி, இந்தப் பூஞ்சணத்துக்கு உணவும் போர்வையும் தருகிறது என்பதே காரணம். இரண்டும் உண்மை. நான் வந்து சேர்ந்த இடம் இது: ஜிப்சத்தை விடுவதில்லை, மண்ணையும் அணைக்கிறோம், ஆனால் கிளைகளைக் கையால் தூக்கிவிட்டு இலை ஒன்றும் புதையாமல் அணைக்கிறோம், அதையும் கீழ் இலை உதிரத் தொடங்குவதற்கு முன்பே முடிக்கிறோம். முந்தைய ஆண்டில் தண்டழுகல் கண்ட மேட்டுப்பாத்தியில் மட்டும் ஜிப்சத்தை லேசாகக் கொத்திக் கலப்பதோடு நிறுத்துகிறோம். கோடையில் ஆழ உழுது அந்தக் கடுகுகளைக் கீழே புதைப்பதும், ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை மக்கிய எருவில் கலந்து இடுவதும் தவறாமல் நடக்கிறது. நோய் குறைந்திருக்கிறது, போகவில்லை.

எல்லாவற்றையும்விட எளியது கம்பு. மூன்று வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை கம்பு அல்லது சோளம் ஊடுபயிராக இருந்தால் பின்பருவப் புள்ளி குறையும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. காற்றில் வரும் வித்துக்கு அது தட்டி. என் பாட்டி காலத்தில் கொல்லையில் கம்பு, துவரை, தட்டைப்பயறு எல்லாம் கலந்தே இருந்தன. மல்லாட்டைக்குக் கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் அந்த வரிசைகளை நாங்கள்தான் பிடுங்கினோம். இன்னொரு வேலையும் செலவில்லாதது. அறுவடையில் தப்பிய காய்கள் கோடை மழைக்குத் தானாக முளைத்து நிற்கும். துருவுக்கு ஒரு பட்டத்திலிருந்து மறுபட்டத்துக்குப் பாலம் அந்தச் செடிகளே. அவற்றை விதைப்புக்கு முன்பே பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

ரகத்தைப் பற்றிய நம்பிக்கை பொலிவியாவிலிருந்து வந்தது. பயிராகும் மல்லாட்டை இனங்கள் அனைத்தும் மிக நெருங்கிய உறவுகள், நோயைத் தாங்கும் குணம் அவற்றில் குறைவு. பெரு நாட்டுப் பழைய ரகங்கள் சிலவற்றில் எதிர்ப்பு இருந்தது, ஆனால் ஓடு தடித்து, பருப்பு குறைந்து, நாள் மிகுந்து, நம் உழவர் ஏற்க முடியாதவையாக அவை இருந்தன. பொலிவியாவில் சேகரிக்கப்பட்ட அராக்கிஸ் கார்டெனாசி என்ற காட்டுச் செடியின் எதிர்ப்புக் குணத்தைப் பயிருக்குள் கொண்டுவந்த பிறகே வழி திறந்தது. அதன் வழித்தோன்றல்தான் கருநாடகத்தின் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த ஜி.பி.பி.டி. 4. இலைப்புள்ளி, துரு இரண்டையும் தாங்கும் அந்த ரகத்தின் குணத்தை, மரபணுக் குறியீட்டைத் துணையாகக் கொண்டு ஜே.எல். 24, டாக் 24 போன்ற நாமறிந்த ரகங்களுக்குள்ளும் இக்ரிசாட் செலுத்தியிருக்கிறது. எங்கோ ஒரு மலையடிவாரத்தில் யாரும் உண்ணாத காய் காய்த்த ஒரு செடியின் விதையை யாரோ பொறுக்கி வைத்ததால், பல நாடுகளின் கடலைக் காடுகள் இன்று பச்சையாக நிற்கின்றன. எதிர்ப்புள்ள ரகத்திலும் புள்ளி வரும், ஆனால் தாமதமாக, சிறியதாக, வித்துக் குறைவாக வரும், மூன்று தெளிப்பு தேவைப்பட்ட இடத்தில் ஒன்று போதுமானதாகிவிடும்.

கடைசியாக, கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சணம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் சுரந்த நஞ்சு அது என்று பின்னர் தெரிந்தது. அந்தப் பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே அஃப்ளாடாக்சின் என்ற சொல் பிறந்தது. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு நான்கு மைக்ரோகிராமுக்கு மேல் அது இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது. கடைசி மூன்று வாரம் வறண்டால் காய் மண்ணிலேயே தொற்றிக்கொள்ளும். அதை மானாவாரி உழவரால் முழுதும் தடுக்க இயலாது. ஆனால் பிடுங்கிய பின் ஈரத்தோடு குவிப்பதும், உடைக்கும் ஆலையில் பருப்பு நொறுங்காமல் இருக்க மூட்டையில் தண்ணீர் தெளிப்பதும் நம் கையில் இருப்பவை. எட்டு சத ஈரத்துக்குக் கீழே காய வைத்த காயை, உடைப்பதற்காக மீண்டும் நனைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் வீட்டு எண்ணெய்க்கும் விதைக்கும் உரியதைக் கையால்தான் உடைக்கிறோம். ஆலைக்குப் போவதில் நொறுங்கல் கூடினாலும் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று அப்பா கூடவே நின்று சொல்லிவிட்டு வருகிறார்.

சென்ற ஐப்பசி முதல் வாரத்தில், தொண்ணூற்றெட்டாம் நாள், அக்கம்பக்கத்துக் கொல்லைகள் பிடுங்கி முடிந்திருக்க, எங்களுடையது மட்டும் இடுப்பளவு கம்புத்தாள் வரிசைகளுக்கு நடுவே பச்சையாக நின்றது. வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் இறங்கலாம் என்ற அச்சம் எங்களுக்கும் இருந்தது. வரப்பில் போன பங்காளிப் பெரியப்பா ஒருவர் நின்று, "இன்னாப்பா, இன்னும் இல பழுக்கலியே, இந்த வருசம் முத்தவே இல்லியா?" என்று கேட்டார். அப்பா ஒரு செடியைப் பிடுங்கினார். காய்கள் அத்தனையும் விழுதோடு வந்தன. ஒன்றை நகத்தால் பிளந்து, பருப்பைத் தட்டி எடுத்துவிட்டு, ஓட்டின் உட்புறத்தை அவரிடம் காட்டினார். அது கறுத்திருந்தது, காய் முற்றியதன் அடையாளம் அதுதான். பத்துக் காய் உடைத்ததில் எட்டின் உட்புறம் கறுத்திருக்கவே, "நாளைக்கு ஆள் சொல்லியிருக்கேண்ணா, புடுங்கிடலாம்" என்றார் அப்பா. பெரியப்பா குனிந்து ஒரு கீழ் இலையைப் பறித்து, மேற்புறத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாக அதைத் திருப்பினார்.